பழைய கணினிப் பவர் சப்ளை: குணம் எது, குற்றம் எது?

இலங்கையின் வன்னியில், செட்டிகுளம் போன்ற ஊர்களில் ஒரு மேசைக் கணினி பழுதானால், அதில் கடைசிவரை பயன்படும் உறுப்பு பெரும்பாலும் அதன் பவர் சப்ளைதான். மதர்போர்ட் பழைய இரும்புக்காரரிடம் போய்விடும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யாரோ வாங்கிக்கொள்வார்கள். தகரப் பெட்டிக்குள் விசிறியோடு இருக்கும் பவர் சப்ளை மட்டும் வீட்டிலேயே தங்கி, வாகனங்களில் பாட்டுப் போடும் செட்டுக்கோ, எல்.ஈ.டி. விளக்கு நாடாவுக்கோ, சிசிரிவி கமராவுக்கோ, வைஃபை ரவுட்டருக்கோ 12 வோல்ற் கொடுக்கும் வேலைக்கு மாறும். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் முறுக்கிவிட்டால் விசிறி சுற்றும். அத்தோடு வேலை முடிந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள்.

பிறகு ஒரு நாள் அது நின்றுவிடும், அல்லது முதல் நாளே எழும்ப மறுக்கும். பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது அணைந்துவிடும். விளக்கு மங்கும். பெட்டியைத் தொட்ட கை சுருக்கென்று இழுக்கும். “சப்ளை செத்துப்போச்சு” என்று தீர்ப்பு எழுதி மூலையில் எறிந்துவிடுவார்கள். இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் சரி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கணினியிலிருந்து கழற்றிய பவர் சப்ளை காட்டும் கோளாறுகளை வகைப்படுத்திப் பார்த்தால், அவற்றில் ஒரு பெரும் பங்கு கோளாறே அல்ல என்பது தெரியவரும். அந்தப் பெட்டி, தன்னை வடிவமைத்தவர் சொன்னபடி நடந்துகொண்டிருக்கிறது. அது எதிர்பார்க்கும் கணினி மறுமுனையில் இல்லை, அவ்வளவுதான். உண்மையான பழுது வேறு, இந்த முரண்பாடு வேறு. இரண்டையும் பிரித்தறியாமல் திருப்புளியைக் கையில் எடுப்பது வீண்செலவு. சில வேளைகளில் அது உயிராபத்தும் கூட.

இங்கே இது ஏன் பெரிய விஷயம்

மின்சாரத்தைக் கிடைத்த வழியில் எடுத்துப் பழகிய மண் வன்னி. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின் வடக்கின் பெரும்பகுதிக்கு மின்சாரம் நின்றது. டோர்ச் பற்றரியும் தடைப்பொருள் ஆனது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. டைனமோ தருவது ஆடலோட்டம், அதன் அழுத்தமோ சுற்றும் வேகத்தோடு ஏறி இறங்கும். ஆகவே டயோட்டும் கப்பாசிற்றரும் சேர்த்து அதை நேராக்கி வானொலிக்குக் கொடுத்தார்கள். வன்னிக்கான பொருளாதாரத் தடை 2002 ஜனவரியில்தான் நீங்கியது. 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் போரில் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அடைபட்டிருந்தார்கள். முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். மீள்குடியேறிய வீடுகள் பலவற்றுக்கு மின்கம்பம் வந்ததே அதற்குப் பிறகுதான்.

2022 மார்ச்சில் இன்னொரு பாடம் கிடைத்தது. மாத இறுதியில் நாடெங்கும் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. இறக்குமதிச் சாமான் எதற்கும் விலை ஏறியது. பழைய பெட்டியைத் திருத்திப் பாவிப்பது பொழுதுபோக்காக இருந்த நிலை மாறிச் சிக்கனமாகிவிட்டது. அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆகவே இதைச் சரியாகச் செய்வது எப்படி என்று பேச வேண்டியிருக்கிறது.

பெட்டி யாருக்காகச் செய்யப்பட்டது

1981இல் வந்த ஐ.பி.எம். பீ.சி.யின் பவர் சப்ளை 63.5 வாற் மட்டுமே. 1984இன் ஏ.ரி. கணினியில் அது 192 வாற் ஆனது. அக்காலப் பெட்டிகளில் 230 வோல்ற்றையே நேரடியாக வெட்டும் சுவிச் இருந்தது. அமுக்கினால் எரியும், மறுபடி அமுக்கினால் அணையும். 1995இல் இன்ரெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். வரைமுறையை வெளியிட்டபோது அந்தப் பொறுப்பு மதர்போர்டின் கைக்குப் போனது. இன்று நம் கைக்கு வரும் பெட்டிகள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகை. முதலில் 20 முனை இணைப்பியும், 2003க்குப் பின் 24 முனை இணைப்பியும் இதில் வந்தன.

நிறங்கள் பொதுவாக மாறுவதில்லை. கறுப்பு பொதுமுனை. மஞ்சள் +12, சிவப்பு +5, செம்மஞ்சள் +3.3, நீலம் −12 வோல்ற். ஊதா, பிளக்கில் கரன்ட் இருக்கும்வரை எப்போதும் நிற்கும் 5 வோல்ற். பச்சை, எழும்பச் சொல்லும் கட்டளை வயர். சாம்பல், “எல்லாம் சரி” என்று திருப்பிச் சொல்லும் வயர். எல்லா வயரும் கறுப்பாக இருக்கும் புதிய பெட்டிகளில் முனை எண்ணைத்தான் நம்பவேண்டும். எழும்பும் கட்டளை 24 முனையில் 16ஆவது, 20 முனையில் 14ஆவது. 1990களின் பிற்பகுதியில் வந்த டெல் கணினிகள் சிலவற்றில் இணைப்பியின் வடிவம் ஒன்றாக இருந்தும் வயர் ஒழுங்கு வேறு. எந்தப் பெட்டியானாலும் நிறத்தைப் பார்த்து இணைக்காமல், அளந்து பார்த்து இணைப்பதே முறை.

அளப்பதற்கு எல்லையும் உண்டு. வரைமுறைப்படி 12, 5, 3.3 வோல்ற் வெளியீடுகள் 5 சதவீதம் ஏறி இறங்கலாம். அதாவது மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை இருந்தால் அது சுகமான பெட்டி. நீலத்துக்கு 10 சதவீதம். “12 வராமல் 11.7தான் வருது, பழுது” என்று எறிந்த பெட்டி பழுதானதல்ல.

கோளாறு அல்லாத கோளாறுகள்

முதலாவது, எழும்பாத பெட்டி. பச்சை வயரில் உள்ளிருந்தே சுமார் 5 வோல்ற் நிற்கும். அதைக் கறுப்போடு தொடுத்து, தொடுத்தபடியே வைத்திருந்தால்தான் பெட்டி ஓடும். தொட்டு எடுத்தால் நின்றுவிடும். மணியடிக்கும் அழுத்துசுவிச்சை இதற்குப் போட்டுவிட்டு “ஒரு செக்கன்தான் ஓடுது” என்பவர்கள் உண்டு. நிலைத்து நிற்கும் சாதாரணச் சுவிச் ஒன்றே இதற்குப் போதும். இதில் ஓடும் மின்னோட்டம் அற்பமானது.

இரண்டாவது, எழும்பி ஓர் உதறலோடு நிற்கும் பெட்டி. பழைய பெட்டிகளில் டிஎல் 494 அல்லது அதே வகைக் கேஏ 7500 என்ற சில்லு 5 வோல்ற்றையும் 12 வோல்ற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கண்காணிக்கும். கணினியில் அக்காலத்தில் 5 வோல்ற் பக்கத்திலேயே பெரும் சுமை இருந்தது. நாமோ சிவப்பில் ஒன்றும் மாட்டாமல் மஞ்சளில் மட்டும் செட்டை மாட்டுகிறோம். மஞ்சள் கொஞ்சம் தாழ்கிறது. சில்லு அதைத் தூக்கப் பார்க்கிறது. சுமையில்லாத சிவப்பும் கூடவே ஏறுகிறது. எல்லை தாண்டியதும் பாதுகாப்புச் சுற்று முழுப் பெட்டியையும் நிறுத்துகிறது. வெளியே நிற்பவருக்கு 12 வோல்ற் தாங்காத பெட்டிபோல் தெரிவது, உள்ளே 5 வோல்ற் ஏறியதன் விளைவு.

இதற்கு மருந்து சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே ஒரு நிரந்தரச் சுமை. 10 ஓம், 10 வாற் தடையி ஒன்றைப் போட்டால் அரை அம்பியர் ஓடும், 2.5 வாற் வெப்பம் வரும். அதைப் பெட்டியின் தகரத்தோடு சேர்த்து, விசிறிக் காற்று படும் இடத்தில் பொருத்தவேண்டும். அதே தடையியைத் தவறுதலாக மஞ்சளில் போட்டால் 14 வாற்றுக்கு மேல் வரும், எரிந்துவிடும். தடையி கிடைக்காத இடத்தில் வாகனப் பிரேக் விளக்கின் 21 வாற் பல்பைச் சிவப்பு வயரில் மாட்டலாம். 5 வோல்ற்றில் அது மங்கலாக எரிந்து ஏறத்தாழ ஓர் அம்பியர் எடுக்கும். பெட்டி ஓடுகிறதா என்று காட்டும் விளக்காகவும் உதவும். 12 வோல்ற்றை மட்டும் பிரதானமாக ஆக்கி, அதிலிருந்து 5ஐயும் 3.3ஐயும் தனித்தனியாக எடுக்கும் பிந்திய தலைமுறைப் பெட்டிகளில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, வயர்களை அழகாக வெட்டியபின் எழும்பாத பெட்டி. செம்மஞ்சள் வயர்களில் ஒன்றோடு ஒரே முனைக்குள் மெல்லிய பழுப்பு வயர் ஒன்று சேர்ந்து வரும். 3.3 வோல்ற் மறுமுனையில் எவ்வளவு சென்றடைகிறது என்று பெட்டிக்குத் திருப்பிச் சொல்வது அதுதான். வேண்டாத வயர் என்று அதை வெட்டித் தனியே விட்டால், பெட்டி எழும்ப மறுக்கலாம், எழும்பி உடனே நிற்கவும் கூடும். பழுப்பைச் செம்மஞ்சளோடு மீண்டும் சேர்த்துவிட்டால் சரி.

நான்காவது, வாகன செட் பூட்டுபவர்கள் கவனிக்கவேண்டிய வயர் நிறக் குழப்பம். செட்டின் பின்னால் மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று மூன்று வயர் வருகிறது. பவர் சப்ளையிலும் மஞ்சள், சிவப்பு, கறுப்பு. நிறத்துக்கு நிறம் சேர்ப்பதுதானே நியாயம் என்று தோன்றும். ஆனால் வாகனத்தில் இரண்டுமே 12 வோல்ற். மஞ்சள் பற்றரியிலிருந்து நேரே வந்து நினைவகத்தைக் காக்கும், சிவப்பு சாவியைத் திருப்பினால் வரும். பவர் சப்ளையின் சிவப்போ 5 வோல்ற். நிறம் பார்த்துச் சேர்த்தால் செட் எழும்பாது. “செட் பழுது” என்று கடைக்குப் போகும். இன்னொருவர் செட்டின் மஞ்சளையும் சிவப்பையும் முறுக்கி ஒன்றாக்கி, பெட்டியின் மஞ்சளோடும் சிவப்போடும் சேர்த்து மாட்டுவார். அங்கே 12 வோல்ற்றும் 5 வோல்ற்றும் நேரே முட்டிக்கொள்ள, பாதுகாப்புச் சுற்று நிறுத்திவிடும். “பெட்டி பழுது” என்று அதுவும் மூலைக்குப் போகும். செட்டின் இரு வயரையும் பெட்டியின் மஞ்சளில் மட்டும் மாட்டினால் இரண்டும் உயிரோடு இருக்கின்றன என்பது தெரியும். பெட்டியை அணைக்கும்போதெல்லாம் செட்டில் பதிந்த நிலையங்கள் அழிவது மட்டும் தவிர்க்க முடியாதது. எப்போதும் நிற்கும் ஊதா வயர் 5 வோல்ற்தான் தரும், நினைவகத்தைக் காக்க அது போதாது.

ஐந்தாவது, மாட்டிய கணத்தில் தீப்பொறி பறந்து நிற்கும் பெட்டி. பெரிய அம்பிளிபயருக்குள் வெறுமையாக இருக்கும் கப்பாசிற்றர்கள் முதல் கணத்தில் மின்னோட்டத்தை மொத்தமாக இழுக்கும். குளிர்ந்த ஹலஜன் பல்பின் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவே. 55 வாற் முன்விளக்கு ஓடும்போது 4.6 அம்பியர் எடுக்கும், எழும்பும்போது அதன் பல மடங்கை இழுக்கும். மோட்டாரும் அப்படித்தான். பெட்டி அதைச் ‘சோட்’ என்று எடுத்துக்கொண்டு நிறுத்துகிறது. ஓடும் பெட்டியில் அம்பிளிபயரைக் கொண்டுபோய் மாட்டக்கூடாது. முதலில் மாட்டிவிட்டு, அதன் ‘ரிமோட்’ வயரை அணைத்து வைத்து, பிறகு பெட்டியை எழுப்பி, கடைசியில் ரிமோட்டைக் கொடுக்கவேண்டும். பாதுகாப்பில் நின்ற பெட்டி தானாக எழும்பாது. பச்சைச் சுவிச்சை அணைத்துப் போடவேண்டும், அல்லது பிளக்கைக் கழற்றி ஊதா வயர் வெறுமையாகும்வரை காத்திருக்கவேண்டும்.

ஆறாவது, தூரத்தில் மங்கும் விளக்கு. அரைச் சதுர மில்லிமீற்றர் மெல்லிய இரட்டை வயரை ஐந்து மீற்றர் இழுத்தால், போய் வரும் பத்து மீற்றருக்கு ஏறக்குறைய 0.35 ஓம் தடை. 5 அம்பியர் ஓடினால் 1.75 வோல்ற் வழியிலேயே போய்விடும். பெட்டியின் வாயிலில் 12, விறாந்தையில் 10¼. இரு முனையிலும் அளந்து பார்த்தால் குற்றவாளி வயர் என்பது ஒரு நிமிடத்தில் தெரியும். பெட்டியிலிருந்து மஞ்சள் வயர்கள் பல வருவதும் இதற்காகத்தான். எல்லா மஞ்சளையும் ஒன்றாகச் சேர்த்து, அதே எண்ணிக்கைக் கறுப்பையும் சேர்த்துத் தடித்த வயரில் எடுக்கவேண்டும்.

ஏழாவது, லொறிச் சாமானுக்கு 24 வோல்ற் எடுக்கும் முயற்சி. இரண்டு பெட்டிகளைத் தொடராக இணைத்தால் கிடைக்காதா என்று கேட்பார்கள். இரண்டின் கறுப்பும் அவற்றின் தகரப் பெட்டியோடும், அதன்வழி எர்த்தோடும் சேர்ந்தவை. ஒன்றின் மஞ்சளை மற்றதன் கறுப்போடு சேர்த்த கணமே அது எர்த் வழியாகச் சோட் ஆகிறது. ஒரே பெட்டியில் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையே 24 வோல்ற் உண்டு, உண்மைதான். ஆனால் நீலம் அரை அம்பியர் அளவுக்கு மேல் தாங்காது.

எர்த் இல்லாத வீடு

தொட்டால் சுருக்கென்று இழுக்கும் பெட்டிக்கு வருவோம். சுவிச்சிங் இரைச்சலை வடிகட்ட, உள்ளே வரும் இரு வயரிலிருந்தும் தகரப் பெட்டிக்கு இரு சிறு கப்பாசிற்றர்கள் போட்டிருப்பார்கள். எர்த் வயர் இருந்தால் அவற்றின் வழியே கசியும் சொற்ப மின்னோட்டம் நிலத்துக்குப் போய்விடும். எர்த் இல்லாதபோது தகரப் பெட்டி 230இன் பாதியில், சுமார் 115 வோல்ற்றில் மிதக்கும். கறுப்பு வயரும் அதோடுதான். வெறுங்காலோடு ஈரச் சீமெந்தில் நின்று செட்டின் உலோகத்தைத் தொட்டால் கை இழுக்கும்.

இதையும் பெட்டியின் பழுதாக எண்ணுகிறார்கள். குறை வீட்டு வயரிங்கில் இருக்கிறது. இரண்டு கால் பிளக்கில் மாட்டுவது, மூன்றாவது காலை வெட்டுவது, எர்த் கம்பி நட்டபின் கவனிக்காமல் விடுவது ஆகியவைதான் காரணம். சாதாரண நாளில் வெறும் சுருக்காக நிற்பது, அந்தக் கப்பாசிற்றர் ஒன்று உடையும் நாளில் முழு 230 வோல்ற்றாக மாறும். எர்த்தும், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச்சும் இல்லாத வீட்டில் உலோகப் பெட்டிப் பவர் சப்ளையைப் பாவிக்கவே கூடாது. இதில் சமரசத்துக்கு இடமில்லை.

லைனின் கடைசி வீடுகளுக்கு வேறொரு தொல்லை உண்டு. ஏ.ரி.எக்ஸ். வரைமுறை 230 வகுப்புக்குக் கேட்கும் ஆகக் குறைந்த உள்ளீடு 180 வோல்ற். பக்கத்தில் அரிசி ஆலை ஓடும் வேளையில் கரன்ட் அதற்குக் கீழே விழுந்தால், பெட்டி நின்று நின்று எழும்பும். மாலையில் மட்டும் வரும் கோளாறென்றால், முதலில் சுவரில் உள்ள பிளக் முனையை அளந்து பார்க்கவேண்டும்.

உண்மையான பழுதுகள்

மேலே சொன்ன எதுவும் பொருந்தாவிட்டால்தான் பெட்டியைத் திறக்கும் கேள்வி எழுகிறது. அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. 230 வோல்ற்றை நேராக்கினால் 325 வோல்ற். அதைத் தேக்கி வைப்பவை உள்ளே நிற்கும் இரு பெரிய கப்பாசிற்றர்கள். பிளக்கைக் கழற்றினாலும் தேக்கம் உடனே போகாது. பக்கத்தில் உள்ள தடையிகள் சில நிமிடங்களில் அதை வடிப்பதுதான் வழமை. அந்தத் தடையி அறுந்திருந்தால் வடியாது. ஐந்து நிமிடம் காத்திருந்து, பிறகும் அளந்து, மின்னழுத்தம் நின்றால் இன்சுலேசன் உள்ள பிடியில் 2 கிலோஓம், 5 வாற் தடையியால் வடித்து, மறுபடி அளந்த பின்பே கை வைக்கவேண்டும். திருப்புளியால் சோட் பண்ணி வெடி கேட்பது வேலை தெரிந்தவர் செய்வதல்ல.

திறக்குமுன்பே பாதி நோய் ஊதா வயரில் தெரியும். ஊதாவில் ஒன்றுமில்லை என்றால் பியூஸையும், ஊதாவுக்கு மின் தரும் காத்திருப்புச் சுற்றையும் பார்க்கவேண்டும். கண்ணாடிப் பியூஸ் கறுத்து வெடித்திருந்தால் அது காரணமல்ல, விளைவு. நேராக்கி டயோட்டோ சுவிச்சிங் திரான்சிஸ்ரரோ, இடிமின்னலைத் தாங்கப் போட்ட வட்ட உறுப்போ சோட் ஆகியிருக்கும். சித்திரை இடிக்கும் ஐப்பசி இடிக்கும் பின் வன்னியில் இந்த வகை மிகுதி. பின்பக்கத்தில் 115/230 சிவப்புச் சுவிச் உள்ள பெட்டிகளில் வேறொரு காரணமும் உண்டு. அது 115இல் கிடக்க 230இல் மாட்டினால், ஒவ்வொரு 200 வோல்ற் கப்பாசிற்றரிலும் 325 ஏறி வெடிக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த கணினிகளில் இதை முதலில் பார்க்கவேண்டும்.

பியூஸை மாற்றியதும் நேரே பிளக்கில் மாட்டக்கூடாது. 60 அல்லது 100 வாற் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராகப் போட்டு எழுப்பவேண்டும். பல்ப் மின்னி மங்கினால் சோட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் சோட் இன்னும் இருக்கிறது, ஆனால் புதுப் பியூஸ் தப்பியது. எந்தத் திருத்துமிடத்திலும் விலை உயர்ந்த கருவிகளைவிட அதிகம் உழைப்பது இந்தப் பல்ப்தான். எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது.

ஊதாவில் 5க்குப் பதில் 6, 7 வோல்ற் வந்தால் அது இன்னும் ஆபத்து. பழைய மலிவுப் பெட்டிகளில் காத்திருப்புச் சுற்றின் சின்னக் கப்பாசிற்றர் ஒன்று சூட்டில் காய்ந்துவிடும். காய்ந்ததும் அழுத்தம் கட்டுப்பாடின்றி ஏறி, ஊதாவில் மாட்டிய போனையோ ரவுட்டரையோ எரித்துவிடும். சில ரூபாய்ச் சாமான் அது. ஊதாவைச் சாச்சர் ஆக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பழைய பெட்டிகளில் அது ஓர் அம்பியருக்கும் குறைவாகவே தரும். பிந்தியவற்றில் 2 அம்பியர் அளவு.

ஊதா சரி, எழும்பியபின் அரை மணித்தியாலத்தில் நிற்கிறது என்றால் விசிறியையும் வெளியீட்டுக் கப்பாசிற்றர்களையும் பார்க்கவேண்டும். கோடையில் வன்னியின் நிழல் வெப்பமே 35 பாகையைத் தொடும். செம்மண் புழுதி வெப்பத்தகட்டில் படிந்து கம்பளம் ஆகிவிடும். ஒவ்வொரு 10 பாகை ஏற்றத்துக்கும் கப்பாசிற்றரின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையின் பழைய கணக்கு. 1999 முதல் 2007 வரை உலகெங்கும் கெட்ட மின்பகுபொருளோடு வந்த கப்பாசிற்றர்கள் இலட்சக்கணக்கான கணினிகளைக் கெடுத்தன. நம்மூரில் இன்று கிடைக்கும் பழைய பெட்டிகளில் பல அக்காலத்தவை. தலை உப்பியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால் மாற்றவேண்டும். 105 பாகை வகையாக, அதே கொள்ளளவில், குறையாத வோல்ற் எல்லையோடு வாங்கவேண்டும். உப்பாமலே காய்ந்ததும் உண்டு. செட்டில் இரைச்சல் கூடுவதும் பெட்டி கீச்சென்று கத்துவதும் அதற்கு அறிகுறி. பல்லியும் எறும்பும் காற்றுத் துவாரத்தால் நுழைந்து சோட் ஆக்குவதும் இங்கே வழமை. நுண்ணிய கம்பிவலை போட்டால் பல்லி நிற்கும், காற்றும் குறையும். அகலக் கண்வலையே நல்லது.

இரைச்சலில் இன்னொரு வகை உண்டு. திருச்சி வானொலியை 936 கிலோஹேர்ட்ஸில் கேட்பவர் வீட்டில் பெட்டியை எழுப்பினால் நிலையம் மறைந்துவிடும். சுவிச்சிங் இரைச்சல் மத்திய அலையில் நேரே ஏறுகிறது. வடிகட்டிச் சுருளுக்குப் பதிலாக வெறும் கம்பித் துண்டைப் பூட்டி அனுப்பிய மலிவுப் பெட்டிகளில் இது மோசம். அதைத் திருத்துவதைவிட வேறு பெட்டி தேடுவது இலாபம்.

பற்றரியும் யானை வேலியும்

மின்வெட்டுக் காலத்தில் எழும் ஆசை, இந்தப் பெட்டியால் வாகனப் பற்றரியைச் சாச் பண்ணுவது. கணக்கு ஒத்துவராது. முழுதாக நிரம்பிய 12 வோல்ற் ஈயப் பற்றரி 12.6க்கு மேல் நிற்கும். அதை நிரப்ப 14.4 அளவும், நிரம்பியபின் தாங்கி நிறுத்த 13.8 அளவும் வேண்டும். 12 வோல்ற் பெட்டியை நேரே மாட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். வெறும் பற்றரி கட்டுக்கடங்காமல் இழுக்க, பெட்டி பாதுகாப்பில் நிற்கும். ஓரளவு நிரம்பிய பற்றரியானால் ஒன்றும் ஓடாது. கரன்ட் போனபின் பற்றரியிலிருந்து பெட்டிக்குத் திரும்பி ஓடி, விசிறி சுற்றும். “கரன்ட் இல்லாமலே ஓடுது” என்று வியப்பவர் தன் பற்றரியை வெறுமையாக்கிக்கொண்டிருக்கிறார்.

டிஎல் 494 பெட்டிகளில் கண்காணிப்புத் தடையியை மாற்றி 13.8க்கு உயர்த்தும் முறையை அமெச்சூர் வானொலிக்காரர்கள் உலகெங்கும் செய்கிறார்கள். செய்ய முடியாததல்ல. ஆனால் உயர்அழுத்தப் பாதுகாப்பையும் மாற்றவேண்டும், 16 வோல்ற் கப்பாசிற்றர்களை 25 ஆக்கவேண்டும், மின்னோட்ட எல்லையைத் தனியாகக் கட்டவேண்டும். பாதுகாப்பை மட்டும் கழற்றிவிட்டு மற்றதைச் செய்யாத பெட்டி, ஐதரசன் கக்கும் பற்றரிக்குப் பக்கத்தில் வைத்த நெருப்பு. சாச்சர் வாங்குவதே மலிவு.

செட்டிகுளத்து வயலோரங்களில் யானைத் தொல்லை பழைய கதை. வேலிக்குத் துடிப்பு மின்சாரம் தரும் எனர்ஜைசர் 12 வோல்ற் பற்றரியில் ஓடுவது. பற்றரிக்குப் பதில் இந்தப் பெட்டியை மாட்டலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில், கூடாது. பெட்டியின் பொதுமுனை வீட்டு எர்த்தோடு சேர்ந்தது. வேலியில் விழும் மின்னல் நேரே வீட்டுக்கு வழி பிடிக்கும். வீட்டு மின்சாரத்தை வேலியோடு தொடுத்து மனிதரும் யானையும் மாண்ட செய்திகள் இந்நாட்டில் ஓயவில்லை. வீட்டுக் கரன்டுக்கும் வேலிக்கும் எந்தத் தொடுப்பும் வேண்டாம்.

மறுதரப்பு

மின்னணு படித்தவர்களில் ஒரு சாரார் கணினிப் பெட்டியை இப்படிப் பாவிப்பதை முழுதாக எதிர்க்கிறார்கள். துளையிட்ட தகரப் பெட்டியில், திருகு முனைகளோடு, 12 வோல்ற்றை மட்டும் தரும் பவர் சப்ளைகள் கொழும்பு முதலாம் குறுக்குத்தெருவிலும் வவுனியாக் கடைகளிலும் கிடைக்கும்போது கணினிப் பெட்டியோடு ஏன் மல்லுக்கட்டவேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. அவற்றுக்குச் சிவப்புச் சுமை வேண்டாம், பச்சை வயர் இல்லை, திருகிச் சரிசெய்ய ஒரு குமிழும் உண்டு. புதிதாக வாங்கப் பணம் உள்ளவருக்கு அதுவே சரி.

ஆனால் அவற்றில் மலிவானவை பலவற்றின் வடிகட்டலும் பாதுகாப்பும் ஒரு நல்ல கணினிப் பெட்டியின் தரத்துக்கு வருவதில்லை. திருகு முனைகளில் 230 வோல்ற் திறந்தே கிடக்கும், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது ஆகாது. கணினிப் பெட்டியோ மூடியது, பிளக்கோடு வருவது. அது அடிக்கடி அணைவதாக நாம் குறைசொல்வது, தீப்பிடிக்காமல் காப்பதற்காகவே அதற்குள் வைத்த குணம். 2019இல் இன்ரெல் வெளியிட்ட புதிய வரைமுறையில் வெளியீடு 12 வோல்ற் மட்டுமே. அந்த வகைப் பெட்டிகள் பழசாகி நம் கைக்கு வரும் காலத்தில் சிவப்பு, செம்மஞ்சள், பழுப்பு வயர்களின் சிக்கல் தானாகவே ஒழியும்.

தீர்ப்பு

இரு தரப்பையும் எடைபோட்டால் ஒரு நடுவழி தெளிவாகிறது. ஒரே இடத்தில் நிற்கும், ஈரம் படாத, 12 அல்லது 5 வோல்ற் சாமானுக்குக் கணினிப் பவர் சப்ளை நல்ல உழைப்பாளி. லேபிளில் மஞ்சளுக்கு எழுதிய அம்பியரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கேட்காமல், சிவப்பில் ஒரு சுமையோடு, எர்த் உள்ள முனையில் மாட்டி, வருடம் ஒருமுறை புழுதி தட்டினால் நீண்டகாலம் உழைக்கும். மொத்த வாற் கணக்கை நம்பவேண்டாம். “300 வாற்” என்று பெரிதாக எழுதிய பெட்டியில் மஞ்சளுக்கு 10 அம்பியர் மட்டும் இருந்தால், நமக்கு அது 120 வாற் பெட்டி. பற்றரிக்கும் வேலிக்கும் குளிக்கும் இடத்துக்கும் அது ஆகாது.

நின்ற பெட்டியை எறியுமுன் ஊதாவை அளந்து பாருங்கள். பச்சையைத் தொடுத்து, சிவப்பில் சுமை போட்டு, மற்றதெல்லாவற்றையும் கழற்றிவிட்டு எழுப்பிப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, செம்மஞ்சள் மூன்றும் எல்லைக்குள் நின்று சாம்பல் வயரில் 5 வோல்ற் வந்தால் பெட்டி சுகம், பிழை நீங்கள் மாட்டியதில் இருக்கிறது. வராவிட்டால், 325 வோல்ற்றோடு பழகிய கை உள்ளவரிடம் கொடுங்கள். அப்படி ஒருவர் ஊரில் இல்லையென்றால், அந்தப் பெட்டியை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள். பழைய பெட்டி இன்னும் கிடைக்கும்.